இன்னொரு ஷூ

ஷூவுக்கு நாக்கு உண்டு.
கயிற்றுக்கு அடியில் படுத்திருக்கும், பேசாது.
பேரணாம்பட்டில் ஐந்தே முக்கால் கம்பெனி பஸ் பிடித்து
ஆம்பூரில் இறங்கி
நாளுக்கு முந்நூறு நாக்கு தைத்தவள் நான்.
இப்போது சாம்பிள் ரூம்.
இங்கே அவசரம் குறைவு, பயம் கூடுதல்.

சாம்பிள் என்றால் ஒற்றைக் கால்.
இடது மட்டும், முப்பத்தேழாம் சைஸ்,
டிஷ்யூ காகிதம் சுற்றிக்கொண்டு லண்டன் போகும்.
பிடித்தால் பதினெட்டாயிரம் ஜோடி.
பிடிக்காவிட்டால்
அந்த ஒற்றைக் காலை என்ன செய்வார்களோ,
யாரும் கேட்டதில்லை.

ஆடி மூன்றாம் வெள்ளி, பையரிடமிருந்து மெயில்.
மெர்ச்சன்டைசர் நஸ்ரீன் லீவு, தங்கைக்கு நிக்காஹ்.
கம்ப்யூட்டரைச் சுற்றி நாங்கள் நான்கு பேர்:
எழுத்துக் கூட்டுவதில் கெட்டிக்காரி சபிஹா,
பத்தாவது வரை இங்கிலீஷ் மீடியம் படித்த தெபோராள்,
கையில் கத்தியோடு வந்துவிட்ட கட்டிங் முனிரத்தினம்,
ஞாயிற்றுக்கிழமை ஸ்போக்கன் கிளாஸுக்கு
எட்டு வாரப் பணம் கட்டியிருந்த நான்.

ஆறு வரி. ஐந்து விளங்கவில்லை.
ஆறாவது, கண்ணாடி துடைத்தாற்போல் விளங்கியது.
இங்கே நாங்கள் எல்லோரும்
இன்னொரு ஷூ டிராப் ஆகக் காத்திருக்கிறோம்.

டிராப் எங்களுக்குத் தெரியாதா?
தினமும் பஸ் எங்களை டிராப் செய்கிறது.
மழை நாளில் முனிரத்தினம் பைக்கில்
சபிஹாவை மசூதி முனைவரை டிராப் செய்கிறார்.
வந்து இறங்கவேண்டியது வலது கால்.
பாவம், ஒற்றைச் செருப்போடு எத்தனை நாள் இருப்பார்கள்?

அதே தோலில் மிச்சம் தேடினோம்.
முதுகுப் பக்கம் ஒரு துண்டு கிடைத்தது,
நிறம் ஒரு நூல் கூட மாறாமல்.
முனிரத்தினம் வெட்ட, நான் தைக்க,
தெபோராள் பசை தடவி விசிறியடியில் வைக்க,
இரவு ஒன்றரைக்கு வலது கால் பிறந்தது.
இடதைவிட அழகு. அதை நான்தான் சொன்னேன்.
கூரியருக்கு மூவாயிரத்து எண்ணூறு.
இம்தியாஸ் சார் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை நஸ்ரீன் வந்தாள்.
மெயிலைப் படித்து
மருதாணிக் கையால் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

மாடி வீட்டுக்காரன் நடுராத்திரி வருவானாம்.
ஒரு ஷூவைக் கழற்றித் தொப்பென்று போடுவானாம்.
கீழ்வீட்டுக்காரன் விழித்துக்கொண்டு
இன்னொன்று விழட்டும், அப்புறம் தூங்கலாமென்று
கூரையையே பார்த்துக் கிடப்பானாம்.
அவ்வளவுதான்.
ஒரு கெட்டது வந்தாயிற்று,
அடுத்ததற்குக் காது கொடுத்திருப்பது.
அங்கே ஏழு கடை மூடிவிட்டார்களாம்.
அதுதான் முதல் ஷூ.

நமக்கும் செருப்புப் பேச்சு உண்டு.
பிஞ்சிடும் என்றால்
எது என்று சொல்லவேண்டியதில்லை.
கடன் கேட்கப் போனால்
என் தோலைச் செருப்பாய்த் தைத்துப் போடுவேன் என்போம்.
நான் தோலில் இருப்பவள், கணக்குப் பார்த்தேன்:
என் தோல் பதினாறு அடி தேறும்.
தழும்பு கழித்தால் பதினான்கு.
ஆனால் காத்திருப்பதற்கு என்று
ஒரு செருப்புச் சொல் நம்மிடம் இல்லை.
அடி, இல்லாவிட்டால் கடன்.

புதன்கிழமை லண்டன்காரர் எழுதினார்.
இருபத்தாறு வருஷத்தில்
ஜோடியாக வந்த முதல் சாம்பிள் இதுதானாம்.
மேசைமேல் வைத்திருக்கிறாராம்.
நஸ்ரீன் சத்தமாய்ப் படித்தாள், நாங்கள் சிரித்தோம்.
முனிரத்தினத்துக்குக் கண் கலங்கியதை
பசை நெடி என்றார்.

அடுத்த வாரம் ஆர்டர் ரத்து.
மூன்று வரி.
ஒரு சொல்லுக்குக்கூட
யாரையும் அர்த்தம் கேட்கவேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு கிளாஸில் வீட்டுப்பாடம்:
புதிதாய்க் கற்ற மரபுத்தொடரைச் சொந்த வாக்கியத்தில் அமைக்க.
எழுதினேன்:
மூன்றாம் லைனை மூடிவிட்டார்கள்.
சாம்பிள் ரூமில் இன்னும் விளக்கு எரிகிறது.

இலக்கணம் சரி என்று டிக் போட்டு
அதன் கீழே சிவப்பு மையில் கேட்டிருந்தான்
இருபத்திரண்டு வயது மாஸ்டர்:
ஷூ எங்கே?